மூடிய கதவுக்கும் ஒரு கணக்கு!

ஒரு கோடிப் பேருக்குத் தபால் போயிற்று. சுமார் 24 லட்சம் பேர் பதில் போட்டார்கள். வந்த பதில்களை ஒன்று விடாமல் எண்ணினார்கள். கூட்டலில் தவறு இல்லை. ஆனால் முடிவு அடியோடு தவறிவிட்டது!

பதில் போட்ட 24 லட்சம் பேரை எண்ணினார்கள், சரி. பதில் போடாத 76 லட்சம் பேர்? அவர்களைப் பற்றி யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வாய் திறக்காத அவர்கள்தான் கணக்கைக் கவிழ்த்துவிட்டார்கள்.

இது நடந்தது அமெரிக்காவில். ஆண்டு 1936.

பத்திரிகை சொன்ன ஆரூடம்

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் "லிட்டரரி டைஜஸ்ட்" என்று ஒரு பிரபல வாரப் பத்திரிகை இருந்தது. ஜனாதிபதி தேர்தல் வந்துவிட்டால் அந்தப் பத்திரிகைக்குத் திருவிழாதான். "உங்கள் ஓட்டு யாருக்கு?" என்று கேட்டு லட்சக்கணக்கான பேருக்குக் கார்டு அனுப்பும். வருகிற பதில்களை எண்ணி, "இன்னார்தான் ஜெயிப்பார்" என்று முன்கூட்டியே அச்சிடும்.

1916, 1920, 1924, 1928, 1932. இந்த ஐந்து தேர்தல்களிலும் அது சொன்னவரே ஜெயித்தார். ஆகவே ஜனங்கள் அந்தப் பத்திரிகையின் சொல்லை நம்பினார்கள்.

1936-ம் ஆண்டு தேர்தலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மறுபடியும் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர், கன்சாஸ் மாநில கவர்னர் லாண்டன்.

பத்திரிகை ஒரு கோடிக் கார்டுகளை அனுப்பியது. விலாசங்களில் பெரும்பாலானவை டெலிபோன் புத்தகத்தில் இருந்தும், கார் வைத்திருப்போர் பட்டியலில் இருந்தும் எடுக்கப்பட்டவை.

வந்த பதில்களை எண்ணினார்கள். லாண்டனுக்கு 12,93,669. ரூஸ்வெல்ட்டுக்கு 9,72,897.

"லாண்டன் ஜெயிப்பார்" என்று பத்திரிகை அடித்துச் சொன்னது.

தேர்தல் நடந்தது. அன்று அமெரிக்காவில் இருந்தவை 48 மாநிலங்கள். அவற்றில் 46 மாநிலங்களில் ரூஸ்வெல்ட் ஜெயித்தார்! லாண்டனுக்குக் கிடைத்தவை மெயின், வெர்மான்ட் என்ற இரண்டே மாநிலங்கள். ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 61 பேர் ரூஸ்வெல்ட்டுக்குப் போட்டிருந்தார்கள்.

அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் சுமார் 50 ஆயிரம் பேரை மட்டும் கேட்டுவிட்டு, "ரூஸ்வெல்ட் ஜெயிப்பார்" என்று சொல்லியிருந்தார். 24 லட்சம் பதில் தோற்றது. 50 ஆயிரம் பதில் ஜெயித்தது!

இரண்டே ஆண்டுகளில், 1938-ல், "லிட்டரரி டைஜஸ்ட்" நின்றுபோயிற்று.

யார் பேசினார்கள்? யார் பேசவில்லை?

ஏன் இப்படி ஆயிற்று?

"டெலிபோனும் காரும் பணக்காரர்களிடம்தான் இருந்தன. ஏழைகள் பட்டியலிலேயே இல்லை. அதனால்தான் தவறு வந்தது" என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

மீதிப் பாதி 1988-ல் தெரிந்தது. பெவரில் ஸ்கொயர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1937-ல் காலப் நிறுவனம் எடுத்த ஒரு பழைய கணக்கைத் தேடி எடுத்தார். "உங்களுக்குக் கார்டு வந்ததா? வந்திருந்தால் திருப்பி அனுப்பினீர்களா?" என்று அதில் ஜனங்களைக் கேட்டிருந்தார்கள்.

அதில் இருந்து ஒரு விஷயம் வெளிப்பட்டது. லாண்டனை விரும்பியவர்கள் ஆர்வமாகப் பதில் போட்டிருக்கிறார்கள். ரூஸ்வெல்ட்டை விரும்பியவர்களில் பலர் கார்டைத் திருப்பி அனுப்பவே இல்லை. கார்டு கிடைத்த எல்லோரும் பதில் போட்டிருந்தால், "ரூஸ்வெல்ட் ஜெயிப்பார்" என்று அந்தப் பத்திரிகையே சொல்லியிருக்கும்!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கணக்கெடுப்பும் அப்படித்தான். நாட்டில் உள்ள எல்லா வீடுகளுக்கும் போக முடியாது. சில வீடுகளைத் தேர்ந்து எடுத்து, அங்கே கேட்டு, நாட்டின் நிலையைத் தெரிந்துகொள்கிறார்கள். இதற்கு "மாதிரிக் கணக்கெடுப்பு" என்று பெயர்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பானையில் உள்ள சோறு கரண்டிக்குத் தப்பி ஓடாது. மனிதர்கள் அப்படியா? சிலர் கதவைத் திறப்பார்கள். சிலர் திறக்க மாட்டார்கள். சிலர் வேலைக்குப் போயிருப்பார்கள். சிலர் "நேரம் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள்.

கதவைத் திறந்தவர்களும், திறக்காதவர்களும் ஒரே மாதிரியானவர்களாக இருந்தால் கவலை இல்லை. வேறு வேறு மாதிரியானவர்களாக இருந்தால்தான் ஆபத்து.

இந்த ஆபத்தைச் சமாளிக்கப் புள்ளிவிவர நிபுணர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் "எடை போடுதல்".

100 வீட்டுக் குடிதண்ணீர்

எடை போடுவது என்றால் என்ன? ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காகச் சொல்லும் கற்பனைக் கணக்கு.

ஓர் ஊரில் 1,000 வீடுகள். மில் தொழிலாளர்கள் வசிக்கும் பேட்டையில் 600 வீடுகள். கடைத்தெருப் பக்கம் 400 வீடுகள்.

"எத்தனை வீட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது?" என்று தெரிந்துகொள்ள வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று 100 வீடுகளைத் தேர்ந்து எடுக்கிறார்கள். பேட்டையில் 60 வீடுகள். கடைத்தெருவில் 40 வீடுகள்.

கணக்கு எடுப்பவர் பகலில் போகிறார். கடைத்தெருவில் 40 வீடுகளிலும் ஆள் இருக்கிறது. எல்லோரும் பதில் சொல்கிறார்கள். பேட்டையில் 30 வீடுகளில்தான் ஆள் இருக்கிறது. மற்ற 30 வீடுகளில் பூட்டு!

கடைத்தெருவில் பதில் சொன்ன 40 வீடுகளில் 32 வீடுகளில் குழாய் உண்டு. பேட்டையில் பதில் சொன்ன 30 வீடுகளில் 6 வீடுகளில்தான் குழாய் உண்டு.

அப்படியே கூட்டினால் என்ன ஆகும்? பதில் சொன்ன 70 வீடுகளில் 38 வீடுகளில் குழாய். அதாவது நூற்றுக்கு 54. "இந்த ஊரில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் குழாய் இருக்கிறது. பரவாயில்லை" என்று நகரசபை திருப்திப்பட்டுவிடும்.

இது சரியா? சரி இல்லை. ஊரில் பெரிய பகுதி பேட்டை. ஆனால் பதில் சொன்னவர்களில் பேட்டைக்காரர்கள் குறைவு. அவர்கள் குரல் மெலிந்துவிட்டது.

இங்கேதான் எடை வருகிறது. கடைத்தெருவில் 40 வீடுகள், 400 வீடுகளுக்காகப் பேசுகின்றன. ஆகவே அங்கே ஒரு பதிலின் எடை 10. பேட்டையில் 30 வீடுகள், 600 வீடுகளுக்காகப் பேச வேண்டும். ஆகவே அங்கே ஒரு பதிலின் எடை 20.

இப்போது கணக்குப் போடுங்கள். பேட்டையில் குழாய் உள்ள வீடுகள் 6. அதை 20-ல் பெருக்கினால் 120. கடைத்தெருவில் 32. அதை 10-ல் பெருக்கினால் 320. மொத்தம் 440. அதாவது நூற்றுக்கு 44 வீடுகளில்தான் குழாய் இருக்கிறது!

முதல் கணக்கின்படி 540-க்கு மேல். இரண்டாவது கணக்கின்படி 440. இடையில் விட்டுப்போனவை சுமார் 100 வீடுகள். எடை போடாமல் விட்டால், 100 குடும்பங்களின் குடிதண்ணீர் காகிதத்திலேயே வந்து சேர்ந்துவிடும். குடத்தில் வராது!

மூட்டைக்குள் இருந்த விடை

இந்த முறையை "லிட்டரரி டைஜஸ்ட்" பத்திரிகை கையாண்டிருக்க முடியுமா?

முடியும்! அதற்கு வேண்டிய விவரம் அதன் கையிலேயே இருந்தது.

1936-ல் கார்டு அனுப்பியபோது, "போன தேர்தலில், 1932-ல், யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?" என்றும் கேட்டிருந்தார்கள். 1932-ம் ஆண்டு தேர்தல் முடிவு ஊர் அறிந்த விஷயம். ரூஸ்வெல்ட்டுக்கு நூற்றுக்கு 57 பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

வந்த கார்டுகளை அந்த முடிவோடு ஒத்துப் பார்த்திருந்தால், எந்தக் கட்சிக்காரர்கள் அதிகமாகப் பதில் போட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும். குறைவாகப் பதில் போட்ட கூட்டத்துக்கு எடையைக் கூட்டி, அதிகமாகப் பதில் போட்ட கூட்டத்துக்கு எடையைக் குறைத்திருக்கலாம்.

2017-ம் ஆண்டில் ஷாரன் லோர், மைக்கேல் பிரிக் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணர்கள் அந்தப் பழைய கணக்கை எடுத்து, இப்படி எடை போட்டுப் பார்த்தார்கள். ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்ற முடிவு வந்தது! 81 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பத்திரிகையின் கணக்கு நிமிர்ந்தது.

ஆனால் இன்னொன்றையும் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். எடை போட்ட பிறகும் கணக்கில் பெரிய தவறு மிச்சம் இருந்தது. ஜெயிப்பவர் யார் என்பது சரியாக வந்தது. எவ்வளவு ஓட்டு என்பது சரியாக வரவில்லை.

எடை போடுவது நல்ல வைத்தியம்தான். ஆனால் எல்லா நோயும் அதற்குக் கட்டுப்படாது.

வீடு ஏன் பூட்டியிருந்தது?

மறுபடியும் அந்தக் கற்பனை ஊருக்கு வருவோம். பேட்டையில் 30 வீடுகள் பூட்டியிருந்தன அல்லவா? "பூட்டிய வீடும் பக்கத்து வீடு மாதிரிதான் இருக்கும்" என்று வைத்துக்கொண்டுதான் எடை போடப்பட்டது.

அந்த வீடுகள் ஏன் பூட்டியிருந்தன? ஒருவேளை, அந்த வீட்டுப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போயிருந்தால்?

அதாவது, வீட்டில் குழாய் இல்லாததால்தான் வீடு பூட்டியிருந்தது! அப்படியானால் அந்த 30 வீடுகளில் ஒன்றில்கூடக் குழாய் இல்லை. பேட்டையில் 60 வீடுகளுக்கு 6 வீடுகளில்தான் குழாய். 600 வீடுகளுக்கு 60. கடைத்தெருவின் 320-ஐச் சேர்த்தால் மொத்தம் 380. எடை போட்டு வந்த 440-ம் தவறு!

எந்தக் காரணத்தால் ஒருவர் பதில் சொல்லவில்லையோ, அந்தக் காரணமே கேள்வியோடு சம்பந்தப்பட்டிருந்தால், எடை போடுவது மட்டும் போதாது. வேலை தேடி அலைகிறவர் வீட்டில் இருக்க மாட்டார். வேலை இல்லாதவர் எத்தனை பேர் என்று எண்ணப் போகிறவருக்கு அவர் அகப்பட மாட்டார். நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பார். நோயைப் பற்றிக் கேட்கப் போகிறவருக்கு அவர் வீட்டுப் பூட்டுதான் தெரியும்.

அப்படியானால் வழி என்ன?

நாலு பேருக்கு ஒருவர்

ஒரு வழியை 1946-ல் மாரிஸ் ஹான்சன், வில்லியம் ஹர்விட்ஸ் என்ற இரண்டு நிபுணர்கள் சொன்னார்கள். இருவரும் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கு இலாகாவில் வேலை பார்த்தவர்கள்.

அவர்கள் சொன்ன யோசனை மிகவும் எளிது. முதலில் எல்லோருக்கும் தபால் அனுப்பு. தபாலுக்குச் செலவு குறைவு. பதில் போடாதவர்களில் சிலரை மட்டும் தேர்ந்து எடு. அவர்கள் வீட்டுக்கு ஆளை நேரில் அனுப்பு.

உதாரணமாக, 1,000 பேருக்குத் தபால் போகிறது. 600 பேர் பதில் போடுகிறார்கள். 400 பேர் போடவில்லை. அந்த 400 பேரையும் நேரில் பார்க்கப் பணம் போதாது. நாலு பேருக்கு ஒருவர் என்று 100 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, எப்படியாவது சந்தித்துக் கேட்கிறார்கள். அந்த 100 பேரில் ஒவ்வொருவர் பதிலுக்கும் எடை 4.

இதில் என்ன விசேஷம்? பேசாதவர்களுக்காக, பேசியவர்களை வைத்து ஊகிப்பது இல்லை. பேசாதவர்களில் இருந்தே சிலரைப் பேச வைக்கிறார்கள். பூட்டிய வீட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டில் விசாரிப்பதற்கும், பூட்டு எப்போது திறக்கும் என்று காத்திருந்து கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு அல்லவா?

"நேற்று வீட்டில் இருந்தீர்களா?"

1949-ல் இன்னொரு யுக்தி வந்தது. ஆல்பிரெட் பாலிட்ஸ், வில்லார்டு சிம்மன்ஸ் என்ற இருவர் இதை எழுதினார்கள்.

மாலை நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். ஆள் இருக்கிறார். வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடிக்கிறார்கள். கடைசியில் ஒரு கேள்வி: "இதற்கு முந்திய ஐந்து நாட்களில், இதே நேரத்தில், எத்தனை நாள் வீட்டில் இருந்தீர்கள்?"

ஒருவர், "எல்லா நாளும் இருந்தேன்" என்கிறார். இன்றைய தினத்தையும் சேர்த்தால் ஆறுக்கு ஆறு. அவர் எப்போது போனாலும் அகப்படுகிறவர். அவர் பதிலுக்கு எடை 1.

இன்னொருவர், "இன்றைக்குத்தான் இருக்கிறேன். மற்ற நாள் எல்லாம் ராத்திரிதான் வருவேன்" என்கிறார். அவர் ஆறுக்கு ஒன்று. அவரைப் போல ஆறு பேர் இருந்தால், ஒருவர்தான் அகப்படுவார். மற்ற ஐந்து பேர் வீட்டில் பூட்டுத்தான் தொங்கும். ஆகவே அவர் பதிலுக்கு எடை 6!

ஒரே ஒரு கேள்வி. வீட்டில் இருந்தவரே வீட்டில் இல்லாதவருக்கும் சாட்சி ஆகிவிட்டார்.

எடை கூடினாலும் ஆபத்து

கடைக்காரர் எடைக்கல்லை மாற்றிப் போட்டால் சாமான் அளவு தவறிவிடும். கணக்கெடுப்பிலும் அப்படித்தான்.

2016-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் இதற்கு இரண்டு உதாரணங்கள் கிடைத்தன.

அந்தத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் தவறின. மறு ஆண்டு நிபுணர் குழு ஒன்று காரணத்தை ஆராய்ந்தது. கல்லூரியில் படித்தவர்கள் அதிகமாகப் பதில் சொல்லியிருந்தார்கள். படிப்புக் குறைந்தவர்கள் குறைவாகவே பதில் சொல்லியிருந்தார்கள். பல நிறுவனங்கள் வயது, ஆண், பெண் என்று பார்த்து எடை போட்டன. படிப்பைப் பார்த்து எடை போட மறந்துவிட்டன! முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

இரண்டாவது உதாரணம் இன்னும் வேடிக்கை. ஒரு கணிப்பில், ஓர் இளைஞருடைய பதிலுக்கு மட்டும் மற்றவர்களைவிடச் சுமார் 30 மடங்கு எடை விழுந்திருந்தது. அவரைப் போன்ற வயதும் இனமும் உள்ளவர்கள் அந்தக் கணக்கில் மிகக் குறைவு. அதனால் வந்த வினை. அவர் ஒருவர் மனம் மாறினால் நாட்டின் கணிப்பே ஆடியது!

ஆகவே எடைக்கு ஒரு வரம்பு கட்டுவது நிபுணர்கள் வழக்கம். ஒருவர் இரண்டு பேருக்காகப் பேசலாம். மூன்று பேருக்காகப் பேசலாம். ஊருக்கே ஒருவர் பேசினால் அது ஊர்ப் பேச்சு ஆகாது.

நம் நாட்டில்

வீட்டுக்கு வீடு போய்ப் பெரிய அளவில் மாதிரிக் கணக்கு எடுப்பதில் இந்தியா உலகத்துக்கு வழி காட்டிய நாடு. இந்தப் பெருமை பேராசிரியர் மகாலனோபிசைச் சேரும். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவர். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியதும் அவருடைய முயற்சியால்தான்.

ஜனங்கள் மாதம் எவ்வளவு செலவு செய்கிறார்கள்? எதற்குச் செலவு செய்கிறார்கள்? எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது? இவற்றை எல்லாம் இந்தக் கணக்கெடுப்பு மூலம்தான் சர்க்கார் தெரிந்துகொள்கிறது. 2022-23-ல் நடந்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் 2,61,746 வீடுகளில் விவரம் கேட்டார்கள். நாட்டில் உள்ள கோடிக்கணக்கான குடும்பங்களுக்காக இந்த வீடுகள் பேசின. ஒவ்வொரு வீட்டின் பதிலையும் ஓர் எண்ணால் பெருக்கிக் கணக்கில் சேர்க்கிறார்கள். அந்த எண்தான் எடை.

இன்னொன்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. குழந்தைகளின் உயரம், எடை, பெண்களின் ரத்தசோகை, தடுப்பு ஊசி முதலிய விவரங்களைத் தருவது இது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது கணக்கெடுப்பில் 6,36,699 வீடுகளில் விவரம் கிடைத்தது. 7,24,115 பெண்களும், 1,01,839 ஆண்களும் பதில் சொன்னார்கள்.

அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேட்டி காண வேண்டிய பெண்களில் நூற்றுக்கு 97 பேர் பதில் சொன்னார்கள். ஆண்களில் நூற்றுக்கு 92 பேர்தான் பதில் சொன்னார்கள். பெண்களைவிட ஆண்கள்தான் அதிகமாக விட்டுப்போனார்கள். ஆகவே வீட்டுக்கு ஓர் எடை, பெண்ணுக்கு ஓர் எடை, ஆணுக்கு ஓர் எடை என்று தனித் தனியே கணக்குப் போடுகிறார்கள்.

எடை போட வேண்டுமானால் மொத்தம் எவ்வளவு என்பது முதலில் தெரிய வேண்டும். பேட்டையில் 600 வீடு என்று தெரிந்ததால்தான் எடை 20 என்று சொல்ல முடிந்தது. நாட்டுக்கு அந்த மொத்தத்தைத் தருவது ஜனத்தொகைக் கணக்கு. 2011-ல் எடுத்த பிறகு, 2021-ல் எடுத்திருக்க வேண்டும். அந்த ஆண்டில் எடுக்கவில்லை. ஊர் வளர்கிறது. பேட்டை பெருகுகிறது. பட்டியல் மட்டும் பழையது என்றால் எடைக்கல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நூற்றுக்கு 17 பேர்!

இப்போது உலகம் எங்கும் ஒரு புதிய சங்கடம். பதில் சொல்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை என்று அங்கே வீடு வீடாகக் கணக்கு எடுக்கிறார்கள். வட்டி விகிதத்தை முடிவு செய்யும் போது அந்த நாட்டு மத்திய வங்கியும் இந்தக் கணக்கைப் பார்க்கும்.

2023-ல் அந்தக் கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான்! அக்டோபர் மாதம் வெளியிட வேண்டிய விவரத்தை, "நம்பத் தகுந்ததாக இல்லை" என்று கருதி, புள்ளிவிவர இலாகா நிறுத்தி வைத்தது. 2024 பிப்ரவரியில், புதிய ஜனத்தொகை விவரத்தைக் கொண்டு எடையைத் திருத்திப் போட்ட பிறகுதான் மறுபடியும் வெளியிட்டார்கள். அப்போதும், "இதை ஜாக்கிரதையாகப் பயன்படுத்துங்கள்" என்று எச்சரிக்கத் தவறவில்லை.

17 பேரை வைத்து 100 பேரின் நிலையைச் சொல்வது கத்தி மேல் நடப்பது மாதிரி. மிச்சம் 83 பேர் எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பொறுத்தே அந்தக் கணக்கு நிற்கும். அல்லது விழும்.

எண்ணாத வாய்க்கு யார் சோறு போடுவது?

"கணக்குச் சரியானால் என்ன, தப்பானால் என்ன? நமக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்கலாம்.

நமக்குத்தான் வந்தது! நாட்டில் ஏழைகள் எத்தனை பேர் என்பது இத்தகைய கணக்கில் இருந்து வருகிறது. விலைவாசி எவ்வளவு ஏறியது என்று சொல்லும் போது, அரிசிக்கு எவ்வளவு, பருப்புக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது குடும்பச் செலவுக் கணக்கைப் பார்த்துத்தான். எந்த ஜில்லாவில் குழந்தைகள் மெலிந்திருக்கிறார்கள் என்று சொல்வது குடும்ப நலக் கணக்கெடுப்பு.

எண்ணிக்கையில் வராத வாய், திட்டத்திலும் வராது. திட்டத்தில் வராத வாய்க்குச் சோறு எங்கிருந்து வரும்?

விட்டுப்போகிறவர்கள் யார்? காலையில் போய் இருட்டிய பிறகு வருகிற கூலித் தொழிலாளி. வேலை தேடி வெளியூர் போன குடும்பம். புருஷனும் மனைவியும் வேலை பார்க்கும் வீடு. இவர்கள் ஒரு பக்கம். பெரிய பங்களாவில், வாசல் காவலாளியே ஆளைத் திருப்பி அனுப்பிவிடும் வீடு இன்னொரு பக்கம். இரு பக்கமும் விட்டுப்போனால், ஏழை எவ்வளவு ஏழை என்பதும் தெரியாது. பணக்காரர் எவ்வளவு பணக்காரர் என்பதும் தெரியாது.

ஆகவே நல்ல கணக்கெடுப்பில் முதல் வேலை எடை போடுவது அல்ல. மறுபடியும் போய்க் கதவைத் தட்டுவதுதான். காலையில் இல்லையா? மாலையில் போக வேண்டும். இன்று இல்லையா? ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். அப்படியும் அகப்படாதவர்களுக்காகத்தான் எடை.

கணக்கு எடுப்பவர் நம் வீட்டுக்கு வந்தால்? முதலில் அவருடைய அடையாளச் சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம். அது நம் உரிமை. வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணையோ, போனில் வரும் ரகசிய எண்ணையோ உண்மையான கணக்கெடுப்பில் கேட்க மாட்டார்கள். யாராவது கேட்டால் கொடுக்கக்கூடாது. 2008-ம் ஆண்டு புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின் கீழ் வாங்கும் தகவலைப் புள்ளிவிவர வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அதைக் கொண்டு ஒரு குடும்பத்தின் மேல் வரி போட முடியாது. 

பிறகு கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லலாம். ஒரு வீடு சொல்லும் பதில், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஆனது அல்ல. அதே தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும், இன்னும் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான வீடுகளுக்கும் சேர்த்துத்தான் அந்த வீடு பேசுகிறது.

அவ்வளவு எடை உள்ள வார்த்தையை உண்மையாகச் சொல்ல வேண்டாமா?